ரெட்ரோ மோட்டாருக்கு முன்விளக்கு மாற்றப் போகிறீர்களா? முதலில் வோல்ட்டைப் பாருங்கள்

தெருவிளக்குகள் பெரிய சாலையோடு நின்றுவிடும் ஊர்கள் நம் நாட்டில் இன்னும் நிறைய உண்டு. கிள்ளானிலிருந்து கோல சிலாங்கூர், சபாக் பெர்ணம் வழியாகத் தெலுக் இந்தானுக்குப் போகும் சாலையை விட்டு உள்ளே திரும்பினால் போதும். செம்பனை வரிசைகளுக்கு நடுவே வெளிச்சம் என்று இருப்பது மோட்டாரின் முன்னால் விழும் அந்த ஒரு வட்டம் மட்டுமே. குழி, குறுக்கே படுத்திருக்கும் மாடு, லோரியிலிருந்து சிந்திய செம்பனைக் குலை, பின்விளக்கு இல்லாமல் ஓரங்கட்டி நிற்கும் டிராக்டர் எல்லாம் அந்த வட்டத்துக்குள் வந்தால்தான் கண்ணுக்குத் தெரியும்.

மலேசியச் சாலைகளில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,000 பேர் உயிரிழக்கிறார்கள். அவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்கள் மோட்டாரில் சென்றவர்கள். முன்விளக்கைப் பற்றிப் பேசும்போது இந்த எண்ணிக்கை நினைவில் இருக்கட்டும்.

பழைய தோற்றத்தில் வரும் ரெட்ரோ வகை மோட்டார்களை நம் இளைஞர்கள் விரும்பி வாங்குகிறார்கள். வட்ட விளக்கு, கண்ணீர்த்துளி வடிவ டேங்க், ‘டுப்டுப்’ என்ற சத்தம் ஆகியவை தாத்தா காலத்து மோட்டாரை நினைவூட்டுவது ஒரு காரணம். ராயல் என்ஃபீல்டைப் பொறுத்தவரை நமக்கு இன்னொரு உறவும் இருக்கிறது. இங்கிலாந்தில் தொடங்கிய இந்தப் பெயர் 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கூட்டில் சென்னைக்கு வந்தது. திருவொற்றியூரில் தொடங்கி, 2013இல் ஒரகடத்திலும் 2017இல் வல்லம் வடகாலிலும் தொழிற்சாலைகள் எழுந்தன. தமிழ்நாட்டு மண்ணில் பொருத்தப்பட்ட மோட்டார்தான் இங்கே சுங்கை சிப்புட்டிலும் சிகாமட்டிலும் ஓடுகிறது.

வாங்கிய சில மாதங்களில் பலரும் சொல்லும் குறை, “விளக்கு போதவில்லை” என்பது. அடுத்த வாரமே இணையத்தில் ஓர் எல்இடி பல்பு வாங்கி மாட்டிவிடுகிறார்கள். அதற்கு அடுத்த வாரம், எதிரே வருகிறவர்கள் குறை சொல்லத் தொடங்குகிறார்கள். இந்த இரண்டு குறைகளையும் சேர்த்துத் தீர்க்க வழி இருக்கிறது. செலவும் பெரும்பாலும் குறைவுதான்.

ஒரு சொல் விளக்கம். ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்துச் சிலர் ‘தலைவிளக்கு’ என்று எழுதுகிறார்கள். மோட்டாருக்குத் தலை எது என்று பட்டறைக்காரரிடம் கேட்டால் எஞ்சினின் மேல்பகுதியைத்தான் காட்டுவார். எனவே இங்கே முன்விளக்கு என்றே எழுதுகிறேன். தூரம் பாயும் ‘ஹை பீம்’ உயர் ஒளி. எதிரே ஆள் வரும்போது இறக்கிவிடும் ‘லோ பீம்’ தாழ் ஒளி.

வட்ட விளக்கு மட்டமான விளக்கு இல்லை

எடுத்துக்காட்டுக்கு ராயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350ஐ எடுத்துக்கொள்வோம். 2021இல் வந்த புதிய எஞ்சின் மாடலில் இருப்பது எச்4 வகை ஹாலஜன் பல்பு. உயர் ஒளிக்கு 60 வாட், தாழ் ஒளிக்கு 55 வாட். 2024இல் செய்த மேம்பாட்டில்தான் நிறுவனமே எல்இடி முன்விளக்கைப் பொருத்தியது. உங்களுடையது அந்தப் புதிய மாடல் என்றால் பல்பை மட்டும் தனியே மாற்றும் பேச்சுக்கு இடமில்லை. கீழே வரும் உயரம் சரிபார்க்கும் பகுதி மட்டும் உங்களுக்குப் போதும்.

எச்4 பல்பு 1971இல் சந்தைக்கு வந்தது. ஒரே கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு இழைகள். உயர் ஒளி இழை, பின்னால் உள்ள பிரதிபலிப்புக் கிண்ணத்தின் குவியப் புள்ளியில் இருக்கும். தாழ் ஒளி இழை அதற்குச் சற்று முன்னால் இருக்கும். அதன் அடியில் சின்னக் கரண்டி போன்ற ஓர் உலோகத் தகடு. அந்தத் தகடுதான் முக்கியம். கீழ்நோக்கிப் போகும் ஒளியை அது மறைத்துவிடுவதால் கிண்ணத்தின் மேல்பாதியில் மட்டும் வெளிச்சம் பட்டு, சாலையை நோக்கிச் சாய்ந்து விழுகிறது. எதிரே வருபவரின் கண் மட்டத்தில் இருட்டாக ஒரு கோடு விழுவதும் அதனால்தான். சுவரில் அடித்துப் பார்த்தால் மேலே இருட்டு, கீழே வெளிச்சம், நடுவில் தெளிவான எல்லை தெரியும். அதை இந்தக் கட்டுரையில் ஒளிக்கோடு என்று சொல்வோம்.

ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் வாகன விதிகளின்படி எச்4 பல்பு 13.2 வோல்ட்டில் உயர் ஒளிக்குச் சுமார் 1,650 லூமென், தாழ் ஒளிக்குச் சுமார் 1,000 லூமென் தர வேண்டும். பல ரெட்ரோ மோட்டார்களின் முன்விளக்கு 7 அங்குல வட்டம். இது 1940இல் அமெரிக்கக் கார்களுக்கு வகுத்த அளவு; பின்னர் ஜீப், லேண்ட்ரோவர் என்று உலகம் முழுக்கப் பரவியது. கிண்ணம் பெரிதாக இருந்தால் ஒளியைத் திரட்டிச் சாலையில் போடுவது எளிது. ஆகவே, பழைய தோற்றம் என்பதற்காக அந்த வட்ட விளக்கைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். வெளிச்சம் போதவில்லை என்றால் குறை பெரும்பாலும் அதற்குப் பின்னால் இருக்கும் வயரில் இருக்கிறது.

வோல்ட் குறைந்தால் வெளிச்சம் பாதாளத்துக்குப் போகும்

ஹாலஜன் பல்பின் இயல்பு இது. வோல்ட் கொஞ்சம் குறைந்தாலும் வெளிச்சம் நிறையக் குறையும். வோல்ட் 5 விழுக்காடு குறைந்தால் ஒளி ஏறத்தாழ 16 விழுக்காடு போய்விடும். 10 விழுக்காடு குறைந்தால் சுமார் 30 விழுக்காடு போய்விடும். பல்பு அதே பல்பு, பேட்டரி அதே பேட்டரி. இடையில் உள்ள மெல்லிய வயர், துருப்பிடித்த சாக்கெட், தேய்ந்த சுவிட்ச், தளர்ந்த எர்த் இணைப்பு ஆகியவை வோல்ட்டைத் தின்றுவிடுகின்றன. நம் நாட்டு ஈரக் காற்றும் மழையும் இதற்கு நன்றாகவே துணைபோகின்றன.

சோதிப்பது எளிது. வன்பொருள் கடையில் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டர் போதும். எஞ்சினை இயக்கி, சும்மா நிற்கும் வேகத்தைவிடச் சற்றுக் கூட்டி வைத்து, முதலில் பேட்டரியின் இரு முனைகளில் அளக்கவும். நல்ல நிலையில் உள்ள மோட்டாரில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்டும். பிறகு விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே பல்பின் சாக்கெட்டின் பின்பக்கத்தில் அளக்கவும். சாக்கெட்டைக் கழற்றிவிட்டு அளந்தால் பயனில்லை. மின்சாரம் ஓடும்போதுதான் இழப்பு தெரியும். பேட்டரியில் 14.0 இருந்து சாக்கெட்டில் 12.6 தான் வருகிறது என்றால் 1.4 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிட்டது. அதாவது 10 விழுக்காடு. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வெளிச்சத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு வயரைச் சூடாக்கப் போகிறது.

வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் இருந்தால் வயரைத் தொட வேண்டாம். ஒரு வோல்ட்டைத் தாண்டினால் முதலில் இணைப்புகளைச் சுத்தம் செய்யுங்கள். பச்சை பூத்த முனைகளைத் தேய்த்து, எர்த் போல்ட்டைக் கழற்றிச் சுரண்டி மறுபடி முறுக்கினாலே பல மோட்டார்களில் அரை வோல்ட் திரும்பிவிடும். சாக்கெட் பழுப்பேறி உருகியிருந்தால் அதை மாற்றிவிடுங்கள்.

அதற்கும் சரிவராத பழைய மோட்டார்களுக்கு ரிலே வைப்பது நல்ல தீர்வு. ரிலே என்பது சிறிய மின்சாரத்தால் இயங்கும் பெரிய சுவிட்ச். கைப்பிடியில் உள்ள சுவிட்ச் இனி பல்புக்கு நேரடியாக மின்சாரம் அனுப்பாது. ரிலேயைத் தட்டி எழுப்புவது மட்டும் அதன் வேலை. பல்புக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து தடித்த வயரில் நேராகப் போகும். உயர் ஒளிக்கு ஒன்று, தாழ் ஒளிக்கு ஒன்று என இரண்டு ரிலே வேண்டும். ரிலேயின் அடியில் எண்கள் இருக்கும்: 30 என்ற காலுக்குப் பேட்டரி, 87க்குப் பல்பு, 85க்கும் 86க்கும் பழைய விளக்கு வயரும் எர்த்தும். வயர் 2.5 சதுர மில்லிமீட்டர் தடிமன் இருக்கட்டும். 55 வாட் பல்பு 12 வோல்ட்டில் ஏறத்தாழ 4.6 ஆம்பியர் இழுக்கும். 60 வாட் 5 ஆம்பியர். 10 ஆம்பியர் ஃபியூஸ் போதும், ஆனால் அதைப் பேட்டரியின் அருகிலேயே வைக்க வேண்டும். ஃபியூஸை விளக்குக் கூட்டுக்குள் வைத்துவிட்டால், பேட்டரிக்கும் அதற்கும் இடையில் வயர் எங்காவது உரசித் தீப்பிடிக்கும்போது காப்பாற்ற எதுவும் இருக்காது. டேங்கின் அடியில் ஓடும் வயர் என்பதை மறக்க வேண்டாம்.

இரண்டு எச்சரிக்கை. சில மோட்டார்களில் சுவிட்ச் பாசிட்டிவ் பக்கம் இல்லாமல் எர்த் பக்கம் இருக்கும். மீட்டர் வைத்துப் பார்க்காமல் ரிலே மாட்டினால் வேலை செய்யாது. புதிய மோட்டார் உத்தரவாதக் காலத்தில் இருந்தால் நிறுவன வயரை வெட்டாதீர்கள். இரு முனையிலும் சாக்கெட் உள்ள, அப்படியே செருகும் வயர்த்தொகுதியாக வாங்குங்கள். மின்வேலை பழக்கமில்லாதவர்கள் இதைப் பட்டறையில் கொடுப்பதே நல்லது. மெக்கானிக்கிடம் “ஃபியூஸ் எங்கே வைத்தீர்கள்?” என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.

பல்பை மாற்றும்போது

1992 முதல் நம் நாட்டில் மோட்டார் ஓட்டுநர்கள் பகலிலும் முன்விளக்கை எரியவிட வேண்டும் என்பது விதி. மற்ற வாகனமோட்டிகள் மோட்டாரைக் கவனிக்க உதவும் நல்ல விதி. ஆனால், பல்பின் பக்கமிருந்து பார்த்தால் அதற்கு ஓய்வே இல்லை. நாளுக்கு இரண்டு மணி நேரம் ஓட்டினால் ஆண்டுக்கு 700 மணி நேரத்துக்கு மேல். சாதாரண எச்4 பல்பின் ஆயுளே சில நூறு மணி நேரம்தான். ஒற்றை சிலிண்டர் எஞ்சினின் அதிர்வு அதை இன்னும் குறைக்கும். ஃபியூஸாகும்வரை காத்திருக்காமல் ஆண்டுக்கு ஒரு முறை மாற்றிவிடுவது நல்ல பழக்கம்.

நல்ல நிறுவனத்தின் 60/55 வாட் ஹாலஜன் பல்பு வாங்குங்கள். ‘100 விழுக்காடு கூடுதல்’, ‘150 விழுக்காடு கூடுதல்’ என்று அட்டையில் போட்டிருக்கும் வகைகளும் உண்டு. மொத்த வெளிச்சம் இரட்டிப்பாகும் என்று அதற்குப் பொருள் இல்லை. சாலையில் குறிப்பிட்ட ஓரிடத்தில் அவ்வளவு கூடுகிறது என்பதுதான் பொருள். இருந்தாலும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். அதே வாட்டுக்குள் இருப்பதால் வயருக்கும் கிண்ணத்துக்கும் தொல்லை இல்லை. ஆயுள் மட்டும் குறைவு.

100/90 வாட் பல்பு வேண்டவே வேண்டாம். 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சாக்கெட் உருகும், சுவிட்ச் கருகும், கிண்ணத்தின் வெள்ளிப்பூச்சு மங்கும். பூச்சு மங்கிய கிண்ணத்தில் எந்தப் பல்பைப் போட்டாலும் பயனில்லை.

மாட்டும்போது பல்பின் கண்ணாடியை விரலால் தொடக்கூடாது. கையில் உள்ள எண்ணெய்ப்பசை சூட்டில் கண்ணாடியைக் கெடுத்துவிடும். தொட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்துக் காயவிடுங்கள். பல்பின் அடியில் மூன்று காதுகள் இருக்கும். அகலமான காது மேலே வர வேண்டும். பின்னால் போடும் ரப்பர் மூடியைச் சரியாக அழுத்திவிடுங்கள். அது தளர்ந்திருந்தால் ஒரே மழைக்காலத்தில் கிண்ணத்துக்குள் நீர் கோத்துவிடும்.

இணையத்து எல்இடி பல்பு

எச்4 இடத்தில் செருகும் எல்இடி பல்புதான் எல்லாருக்கும் பிடித்த மாற்றம். பெரும்பாலான தொல்லைகளும் அதிலிருந்தே வருகின்றன.

எச்4 கிண்ணம், ஒரு மெல்லிய இழை குறிப்பிட்ட ஓரிடத்தில் இருக்கும் என்ற கணக்கில் வடிவமைக்கப்பட்டது. மில்லிமீட்டருக்கும் குறைவான பிசகு அந்தக் கணக்கைக் கெடுத்துவிடும். எல்இடி பல்பிலோ ஒளி தருவது ஒரு பலகையின் இரு பக்கங்களில் ஒட்டிய சில்லுகள். பலகைக்கு ஒரு தடிமன் உண்டு. அதனால் இழை இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஒளி சற்றுத் தள்ளிப் புறப்படுகிறது. மலிவான பல்பில் அந்தச் சின்ன மறைப்புத் தகடும் சரியாக இருக்காது. விளைவாக, ஒளிக்கோடு கலைந்து வெளிச்சம் மேலும் கீழும் சிதறுகிறது. ஓட்டுபவருக்குப் பத்து மீட்டர் தூரத்தில் தரை பளீரென்று தெரியும், “அடேயப்பா, என்ன வெளிச்சம்!” என்பார். ஆனால், கிட்டத்தில் தரை அதிகமாகப் பளிச்சிடும்போது கண்ணின் பாவை சுருங்கிவிடுவதால், தூரத்தில் உள்ள மங்கலான பொருள் முன்பைவிடக் குறைவாகவே தெரியும். வெளிச்சம் கூடிய நினைப்பில் வேகமும் கூடும்.

எதிரே வருபவரின் நிலை இன்னும் மோசம். கண் கூசினால் பார்வை திரும்பச் சில விநாடிகள் ஆகும். வயதானவர்களுக்கு இன்னும் அதிகம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் 5 விநாடியில் ஒரு மோட்டார் 83 மீட்டர் போய்விடும். தோட்டச் சாலையில் எதிரே வருவது யார்? இரவு ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும் அக்காவாக இருக்கலாம். டியூஷன் முடிந்து பிள்ளையை ஏற்றிவரும் அண்ணனாக இருக்கலாம். அந்த 83 மீட்டரை அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவதற்குச் சமம். ஒரு பக்கம் சாக்கடை, மறுபக்கம் நாம்.

அட்டையில் போட்டிருக்கும் எண்களையும் நம்ப வேண்டாம். ‘20,000 லூமென்’ என்று எழுதியிருக்கும். உள்ளே இழுக்கும் மின்சாரம் 30 வாட்டாக இருக்கும். ஒரு வாட்டுக்கு 100 லூமென் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 3,000தான் வரும். சூடேறியதும் அதுவும் குறையும். சூட்டை வெளியேற்றப் பின்னால் ஒரு சிறு விசிறி இருக்கும். ராயல் என்ஃபீல்டின் குறுகிய விளக்குக் கூட்டுக்குள் அதற்குக் காற்றும் இல்லை, இடமும் இல்லை. செம்மண் தூசி அடைத்து விசிறி நின்றால் பல்பின் கதை முடிந்தது.

எல்லா எல்இடி பல்பும் ஏமாற்று வேலை என்று சொல்ல வரவில்லை. 2020இல் ஜெர்மனியில் முதன்முறையாக ஹாலஜன் இடத்தில் பொருத்தும் எல்இடி பல்புக்குச் சாலை அனுமதி கிடைத்தது. ஆனால் எப்படி? ஒவ்வொரு வாகன மாடலின் கிண்ணத்திலும் தனித்தனியே சோதித்து, தேறிய மாடல்களுக்கு மட்டும். எந்த மாடலில் சோதித்தோம் என்று சொல்லாமல், ‘எல்லா எச்4க்கும் பொருந்தும்’ என்று விற்பதை வாங்கும் முன் இதை யோசித்துப் பாருங்கள்.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம். நீலம் கலந்த 6,000 கெல்வின் வெள்ளை பார்க்க நவீனமாக இருக்கும். நனைந்த தார்ச்சாலையில் வெளிச்சம் எங்கே போனது என்று தேட வைக்கும். ஹாலஜனின் இளமஞ்சள் சுமார் 3,200 கெல்வின். மழைக்கு மஞ்சள் நல்லது என்று பல்பின் மேல் மஞ்சள் பூசியதை வாங்குபவர்கள் உண்டு. அந்தப் பூச்சு ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிடுகிறது. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும்போது பனிமூட்டம் வந்தால், நிறம் எதுவானாலும் உயர் ஒளியை இறக்கிவிட்டு வேகத்தைக் குறைப்பதுதான் வழி.

முழு விளக்கையே மாற்றினால்

எல்இடிதான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவர்கள் பல்பை விட்டுவிட்டு, கிண்ணம் கண்ணாடியோடு சேர்ந்த முழு விளக்கை மாற்றலாம். எல்இடிக்கென்றே வடிவமைத்த லென்ஸ் அதில் இருப்பதால் ஒளிக்கோடு சரியாக விழும். மின்சாரமும் குறைவாக இழுக்கும். 7 அங்குல விளக்குகள் சந்தையில் நிறைய உண்டு. ஆனால் உங்கள் மோட்டாரின் வளையத்தையும் பின்பக்க ஆழத்தையும் அளந்துவிட்டு வாங்குங்கள். பல விளக்குகளின் முதுகில் உள்ள அலுமினியப் பட்டைகள் கூட்டுக்குள் நுழையாது.

அதைவிட முக்கியமானது சாலையின் பக்கம். நாம் இடப்பக்கம் ஓட்டுபவர்கள். இடப்பக்கச் சாலைக்கான விளக்கில் ஒளிக்கோடு இடது ஓரத்தில் சற்று மேலே ஏறும். ஓரத்தில் நடப்பவரும் சாலைப் பலகையும் தெரிய அது உதவும். அமெரிக்க ஜீப்புக்காகச் செய்த 7 அங்குல விளக்கில் அது வலப்பக்கம் ஏறும். நம் சாலையில் எதிரே வருபவரின் கண்ணுக்கு நேராகப் போகும். எவ்வளவு விலையுயர்ந்த விளக்காக இருந்தாலும் இந்தப் பிழை போகாது.

கண்டுபிடிக்கக் கண்ணாடியில் உள்ள குறியைப் பாருங்கள். வட்டத்துக்குள் ஆங்கில ‘ஈ’ எழுத்தும் ஓர் எண்ணும் இருந்தால் ஐக்கிய நாட்டு விதிகளின்படி சோதித்தது என்று பொருள். எண் எந்த நாட்டில் அனுமதி பெற்றது என்பதைக் காட்டும். அருகில் அம்புக்குறி உண்டா என்றும் பாருங்கள். விளக்குக்கு எதிரே நின்று பார்க்கும் உங்கள் வலப்பக்கத்தை அம்பு காட்டினால் அது இடப்பக்கச் சாலைக்கு உரியது. இரு முனையும் உள்ள அம்பு என்றால் இரண்டுக்கும் பொருந்தும். சில மோட்டார் விளக்குகளில் ஒளிக்கோடு இருபக்கமும் சமமாகவே இருக்கும்; அவற்றில் இந்தச் சிக்கல் இல்லை. குறியே இல்லாத விளக்கு என்றால், சுவரில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் வேறு கடை பாருங்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை, வாகனங்களின் அமைப்பு, பயன்பாடு குறித்த 1959ஆம் ஆண்டு விதிகளும் 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டமும் இங்கே நடைமுறையில் உள்ளன. கண் கூசும் விளக்குகளுக்கு ஜேபிஜே சம்மன் கொடுக்கிறது. கூடுதல் விளக்குகள் பொருத்த நினைப்பவர்கள், வாங்கும் முன் அருகிலுள்ள ஜேபிஜே அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. கடைக்காரர் “பரவாயில்லை, எல்லாரும் போடுகிறார்கள்” என்று சொல்வது சம்மனுக்குப் பதில் ஆகாது.

காசில்லாமல் செய்யும் வேலை

பல்பை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் விளக்கின் உயரத்தைச் சரிபார்த்தே ஆக வேண்டும். பெரும்பாலான மோட்டார்களில் இதைச் செய்வதே இல்லை.

சமதரையில், சுவருக்கு நேராக 5 மீட்டர் தள்ளி மோட்டாரை நிறுத்துங்கள். தோட்டத்து மண்டபம், பள்ளிச் சுவர் எதுவும் போதும். டயரில் காற்று சரியாக இருக்கட்டும். ஸ்டாண்டு போடாமல் நீங்களே உட்கார வேண்டும். உதவிக்கு ஒருவர் வேண்டும். தரையிலிருந்து விளக்கின் நடுப்புள்ளிவரை உள்ள உயரத்தை அளந்து, அதே உயரத்தில் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். தாழ் ஒளியைப் போட்டால் ஒளிக்கோடு அந்தக் கோட்டுக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும்.

ஏன் இந்தக் கணக்கு? 5 மீட்டருக்கு 5 சென்டிமீட்டர் என்றால் நூற்றுக்கு ஒரு பங்கு சரிவு. விளக்கு தரையிலிருந்து 95 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் ஒளி 95 மீட்டரில் தரையைத் தொடும். அதையே 12 சென்டிமீட்டருக்கு மேல் இறக்கிவிட்டால் 40 மீட்டருக்குள் முடிந்துவிடும். “விளக்கு போதவில்லை” என்ற குறை சில மோட்டார்களில் இவ்வளவுதான். சரிசெய்யும் ஸ்க்ரூ சில மோட்டாரில் வளையத்தின் அருகே இருக்கும். சிலவற்றில் விளக்குக் கூட்டைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டைத் தளர்த்தி நகர்த்த வேண்டும்.

பின்னால் ஆள் ஏறினால் கணக்கு மாறும். கிளாசிக் 350இன் இரு சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம் 1,390 மில்லிமீட்டர். பின்பக்கம் கூடுதலாக 3 சென்டிமீட்டர் அமுங்கினால் 5 மீட்டர் தூரத்துச் சுவரில் ஒளி கிட்டத்தட்ட 11 சென்டிமீட்டர் மேலே ஏறும். அதாவது நீங்கள் பார்த்துப் பார்த்துச் செய்த சரிவு முழுவதும் போய், எதிரே வருபவரின் முகத்தில் அடிக்கும். அரிசி மூட்டை ஏற்றினாலும் இதேதான். எப்போதும் இருவராகவே போகிறவர்கள் இருவரும் உட்கார்ந்தே அளக்க வேண்டும். அந்த மோட்டாரின் பின் ஷாக்கில் ஸ்பிரிங் இறுக்கத்தை மாற்ற ஆறு படிகள் உண்டு. சுமை ஏறும் நாளில் படியைக் கூட்டிக்கொள்ளலாம்.

இத்தனைக்கும் பிறகு, நல்ல தாழ் ஒளியிலும் விளக்கில்லாத கறுப்புப் பொருள் ஒன்று ஏறத்தாழ 40 முதல் 60 மீட்டருக்குள்தான் கண்ணுக்குப் புலப்படும். 60 கிலோமீட்டர் வேகத்தில், காய்ந்த சாலையில், பார்த்து உணர்ந்து பிரேக் பிடித்து நிற்க 48 மீட்டர் அளவு வேண்டும். 80 கிலோமீட்டரில் 74 மீட்டர். நனைந்த சாலையில் அதே 80க்கு 95 மீட்டர் வரை ஆகலாம். எதிரே யாரும் இல்லாதபோது உயர் ஒளியைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள்; அதற்காகத்தான் அது இருக்கிறது. தூரத்தில் விளக்கு தெரிந்த கணத்தில் இறக்கிவிடுங்கள்.

செம்மண் சாலையில் ஓடும் மோட்டார்களுக்கு இன்னும் ஒரு வேலை உண்டு. வாரம் ஒரு முறை முன்விளக்கின் கண்ணாடியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். காய்ந்த துணியால் துடைத்தால் மண் துகள்கள் கீறிவிடும். உயரம் சரிசெய்த ஸ்க்ரூவையும் மாதம் ஒரு முறை தொட்டுப் பாருங்கள். குழி விழுந்த சாலையின் குலுக்கலில் அது தானாகவே இறங்கிவிடும்.